கழுவப்படாத ஒரு கல்லும் தவமலர் அக்காவும்

வேலைக்குப் புறப்படச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தென் இலண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தவமலர் அக்கா விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்று அவருடைய தங்கை சொன்னார். ஒற்றைச் சப்பாத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அக்கா அழுது நினைக்கப்பட வேண்டியவர் அல்லர். அவர் வென்ற கதையை எல்லாரும் அறிய வேண்டும்.

கலாநிதி தவமலர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, எரிமலைப் பாறைகளைப் படித்துப் பட்டம் பெற்றவர். நான் தச்சன். எண்பதுகளில் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அவர் கற்களைப் பார்த்துக்கொண்டார்; நான் அவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தேன். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் அணைந்துபோன ஓர் எரிமலைதான் அவருடைய ஆய்வு. அது ஒரே ஒருமுறைதான் நெருப்புக் கக்கியது என்று எழுதியிருந்தார். துப்புரவில் அவரை மிஞ்ச ஆளில்லை. அங்கிருந்து வந்த கற்களை மீன் கழுவுவதுபோலத் தேய்த்துக் கழுவித்தான் தட்டில் அடுக்குவார்.

எண்பதுகளின் கடைசியில் அந்த எரிமலைக்கென்றே ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஓவியர் ரூத் அம்மையார் தம் படத்தோடு வந்தார். இரண்டு சிவப்புப் பட்டைகள், நடுவே மெல்லிய பச்சை. கதை வேறு, விஞ்ஞானம் வேறு என்று சொல்லி, படத்தைச் சிறுவர் மூலையில் மாட்டச் சொன்னார் தலைமை அதிகாரி. அக்காவும் முதலில் தலையாட்டினார். அதை நான் மறைக்கப் போவதில்லை. மரியாதைக்காகப் பச்சை நிறத்தை மட்டும் பாராட்டினார்.

அம்மையார் சிரிக்கவில்லை. "அது அழகுக்குப் போட்ட நிறம் இல்லை. முதல் நெருப்புக்குப் பிறகு எங்கள் ஆட்கள் திரும்பி வந்து வாழ்ந்த காலம். பிறகுதான் இரண்டாம் நெருப்பு வந்தது," என்றார்.

அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு நெருப்பென்றால், இடையில் புல் முளைத்த மண் மேல்பாறையின் அடியில் வெந்து ஒட்டியிருக்க வேண்டும். கழுவிய கல்லில் மண்ணேது? தட்டுத் தட்டாகத் தேடிக் களைத்து என் பட்டறைக்கு வந்தவர், கதவுக்கு நான் முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் கண்டார். எரிமலைக் கற்கள் வந்து இறங்கிய அன்றே, அவர் கழுவுமுன், அவருக்குச் சொல்லாமல் நான் எடுத்தது அது.

"தம்பி, உந்தக் கல்லைக் கழுவினனீரோ?"

"கதவுக்கு வைக்கிற கல்லுக்கு என்ன அக்கா முழுக்கு?"

புரட்டினார். செங்கல்லாய் வெந்த மண்ணும், அதில் புல்வேர்களின் தடமும் தெரிந்தன. கல் எடுத்த இடத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார். அங்கும் அதே மண்படை இருந்தது.

அக்காவின் நிரந்தரப் பதவிக்கான நேர்முகம் நெருங்கியிருந்தது. அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"இவ்வளவு காலமும் பிழையாச் சொல்லிப்போட்டன். தெரிஞ்சுகொண்டு இனியும் சொல்ல ஏலாது," என்றார்.

திறப்பு விழாவில், தலைமை அதிகாரியின் முன்னாலேயே, தம் ஆய்வு பிழை, அந்த மண்ணின் மக்கள் சொன்னதே சரி என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ரூத் அம்மையார் அக்காவின் கையை விடவேயில்லை. படம் மண்டபத்தின் நடுவில், அந்தக் கல்லுக்கு மேலே ஏறியது. பதவி அந்த வருடம் கைநழுவியது. அடுத்த வருடம் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

நேற்று அந்த மண்டபத்தில் போய் நின்றேன். இன்றும் அங்கேயே தொங்கும் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்திருந்தார்கள். இந்த மலை எத்தனை முறை நெருப்புக் கக்கியது என்று ஆசிரியை கேட்டார். இரண்டு என்று மண்டபம் அதிரச் சொன்னார்கள்.

கேட்டதோ, அக்கா? சந்தோஷமாய்ப் போயிட்டு வாங்கோ.