பதினாறு நெடுவரிசையும் என் மதினியும்

போலார் கோடு என்கிற குறியீட்டு முறையில் ஆராய்ச்சி செய்கிறவனுக்குக் கணக்கை விடக் கஷ்டம், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

பஸ்ஸில்

சிவகாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார். போனில் போகிற செய்தி வழியில் சிதைந்தாலும், மறுமுனையில் பிழை நீக்கி மீட்டெடுக்கும் வழியைத் தேடுகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்க ஊரு ஆனைக்குட்டத்துல சிக்னலே எடுக்க மாட்டேங்குதே, அத மொதல்ல பாருங்க தம்பி."

வழிகாட்டியின் அறையில்

போலார் கோடுக்கு அடித்தளம் கெர்னல் என்கிற அணி, அதாவது ஒன்றும் பூஜ்யமும் நிரம்பிய கட்டம். கட்டம் பெரிதானால் பிழையை நன்றாகத் தாங்கும். ஆனால் செய்தியைப் பிரித்தெடுக்கும் கணக்கு எக்கச்சக்கமாக ஏறிவிடும். பதினாறுக்குப் பதினாறில் அருமையான கெர்னல் ஒன்று என்னிடம் சிக்கியது. திங்கட்கிழமை பிரித்தெடுக்கும் கணக்கைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். வியாழக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியவன் நான். இந்த மாதம் கணக்கு குறையாவிட்டால் தீசிஸ் இல்லை, ஐந்து வருடமும் வீண். என் ஆராய்ச்சி வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார். "செய்தி போய்ச் சேர்றதுக்குள்ள வாங்குறவர் ரிட்டயர் ஆயிருவார்ப்பா."

பேக்கிங் பிரிவில்

மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி வேலை. தீபாவளி சீசன் அவசரத்தில் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் என்னைத் துரத்தினான். உள்ளே போன் கூடாது என்பதால் அதை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு பேக்கிங் பிரிவுக்குப் போனேன்.

கிஃப்ட் பாக்ஸுக்கான பதினாறு வகை வெடியும் மதினியைச் சுற்றிக் குவிந்திருந்தன. வேலையைத் தொடங்காமல் குவியல்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். பெட்டியில் அடுத்தடுத்து வைப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேலைக்கு நேரமாகிறதே, எதற்கு இது என்றேன். "சரக்கு அதேதான் கொழுந்தனாரே. கை குறுக்கமறுக்கப் போச்சுன்னா ஆர்டர் எப்ப முடிய?"

மறுபடியும் அறையில்

திரும்பி வரும் பஸ்ஸிலேயே நோட்டை விரித்தேன். கெர்னலின் நெடுவரிசைகளை, அதாவது கட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடும் வரிசைகளை, இடம் மாற்றினால் பிழை தாங்கும் சக்தி குறையாது. பிரித்தெடுக்கும் கணக்கின் அளவு மட்டும் மாறும். அது எனக்குத் தெரிந்ததுதான், செய்யத்தான் தோன்றவில்லை. சேர்ந்து கணக்கில் வருகிற நெடுவரிசைகளை அருகருகே உட்காரவைத்தேன். மறுநாள் ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முடிந்திருந்தது. நேராக வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன்.

தீசிஸின் நன்றிப் பக்கத்தில் மதினி பெயரையும் சேர்த்து, வீட்டில் காட்டினேன். மதினி வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேரு போட்டது சரி, அதென்ன உங்க சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொறவு ஒக்கார வச்சிருக்கீக?"

ஐந்து வருட ஆராய்ச்சியில் நான் உறுதியாகக் கண்டுபிடித்தது, சாப்பாடு கொண்டுபோகச் சொன்னால் முணுமுணுக்காமல் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான்.