இடது காலின் எடை

ஆகஸ்ட் கடைசியில் எனக்கு டெங்கு வந்தது. செப்டம்பர் நடுவில் மறுபடி சைக்கிளில் ஏறினேன். அதிலிருந்து தசரா முடிந்த வாரம் வரைக்கும், என் இதயம் கெட்டுப்போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி நம்பவைத்தது பவர் மீட்டர். பெடலைத் தாங்கும் இடது கிராங்கில் ஒட்டியிருக்கும் சிறு கருவி. கால் எவ்வளவு விசையோடு மிதிக்கிறது என்று அளந்து, ஹேண்டில்பாரில் உள்ள திரையில் வாட் கணக்கில் காட்டும். எத்தனை வாட், எவ்வளவு நேரம் என்பதை வைத்து ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு சுமை எண் கிடைக்கும். வாரச் சுமையைக் கூட்டிப் பார்த்துத்தான் அடுத்த வாரம் ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்வேன்.

காய்ச்சலுக்குப் பிறகு வாட் குறைவது இயல்புதான். வாரங்கள் போயும் அது ஏறவில்லை. பாகலூர் சாலையில் கூட வருகிறவர்கள் என் வேகம் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் காற்று படாமல் வருவதால் அப்படி இருக்கும் என்று அதைத் தள்ளிவிட்டேன். சுமை எண் எட்டவேண்டிய இடத்தை எட்டாததால் இன்னொரு மணி நேரம், இன்னொரு நாள் என்று கூட்டிக்கொண்டே போனேன். ஓய்வு நாளும் அதில் கரைந்தது. எழும்போதே நாடி வேகமாக அடித்தது. படியேறினால் தொடை கனத்தது. டெங்கு சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்தும் என்று எப்போதோ படித்திருந்தேன். மறுபடி தேடிப் படித்தேன். படிக்கிற பழக்கம் அந்த நாட்களில் எனக்கு ஒரு நல்லதும் செய்யவில்லை.

மனைவியிடம் சொன்னதும் அவள் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவுக்கு நாள் வாங்கிவிட்டாள். காய்ச்சல் விட்டதிலிருந்தே அவளுடைய நிபந்தனை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் பேஸ்மென்ட் தூணில் சைக்கிளைச் சாய்த்து, மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடுவேன். இனி கேட்டில் நிற்கவேண்டும்; பால்கனியிலிருந்து அவள் கை காட்டிய பிறகுதான் போகலாம்.

எக்கோவுக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, தண்ணீர் பாட்டிலை மறந்து இறங்கிவிட்டேன். அவளே அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நான் வலது காலைத் தரையில் ஊன்றி, இடது காலை முன்பக்கமாக நிறுத்திய பெடலில் வைத்து, திரையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன நோண்டிக்கிட்டிருக்கீங்க?"

"ஜீரோ பண்றேன். சும்மா இருக்கும்போது எவ்ளோன்னு அதுக்குத் தெரியணும்ல."

"சும்மா எங்க இருக்குது? கால வச்சிருக்கீங்களே."

நான் குனிந்து பார்த்தேன். அவள் கேக் செய்கிறவள். சமையலறைத் தராசு இல்லாமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது.

"நான் பாத்திரத்த வச்சு ஜீரோ பண்ணா, அப்புறம் மாவு மட்டும்தான் காட்டும். பாத்திரத்த மறந்துடும். நீங்க கால வச்சில்ல ஜீரோ பண்றீங்க? தினமும் இப்படித்தானா?"

"கேட்டுக்கு வந்ததுலேர்ந்து."

"அப்ப நான்தான் காரணமா? நல்லா இருக்குதே கதை."

சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கிராங்கைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, காலை எடுத்துவிட்டு மறுபடி ஜீரோ செய்தேன். ஹென்னூர் மேம்பாலத்தில் ஏறும்போது திரையில் பழைய எண் வந்தது. கோடைக்காலத்து எண். பாலத்து இறக்கத்தில் மிதிக்காமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். ஒரு பால் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

காலின் எடையைக் கழித்துக் கழித்துத்தான் மீட்டர் என்னைக் குறைவாகக் காட்டியிருக்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட நான் உண்மையில் முன்பைவிட அதிகமாக ஓட்டியிருக்கிறேன். வேகமாக அடித்த நாடி, கனத்த தொடை எல்லாம் அதனால்தான். எனக்கு நோய் இல்லை, அசதி.

எக்கோவை ரத்து செய்யலாமா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டாள். போனோம். இதயம் நன்றாக இருப்பதாகச் சொன்ன டாக்டர், கன்னடத்தில் "ஸ்வல்ப ரெஸ்ட் தகொள்ளி" என்றார். கொஞ்சம் ஓய்வெடுங்கள். அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மாலைவரை தூங்கினேன். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குச் சைக்கிளைத் தொடவில்லை. இப்போதும் கேட்டில்தான் நிற்கிறேன். பால்கனியிலிருந்து அவள் கை காட்டுவதில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கால எடுத்தாச்சா?" என்கிறாள்.