நாலேகாலுக்கு வாங்கோ

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியிருக்கும் தில்லையம்பலத்துக்கு எழுபத்தொரு வயது. இருபத்திநாலு வருடம் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் அவரைப் பிடிவாதக்காரர் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். போன வருடம் அந்தப் பிடிவாதமும் இல்லாதிருந்தால் அவருடைய வீடு என்ன கதிக்கு வந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவருடைய மனைவி பாலேஸ்வரிக்கு ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய். முதலில் கை நடுங்கியது. பிறகு நடை குறைந்தது. இப்போது கட்டிலில் இருந்து எழுப்ப ஓர் ஆள் வேண்டும், கழிவறைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், சோற்றைக் குழைத்துத் தீத்தி விட ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்த ஆள் தில்லையம்பலம்தான். ஒரே மகள் நிலாணி எட்மன்டனில் இருக்கிறாள். கிழமைக்கு நாலு தரம் வீடியோவில் வருவாள், வருடத்துக்கு ஒரு தரம் நேரில் வருவாள்.

தூக்கித் தூக்கியே அவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. பார்த்த டொக்டர் வெட்டத்தான் வேண்டும் என்றார். வெட்டிய பிறகு ஆறு கிழமைக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்றார். திகதியும் தந்தார்கள். பாலேஸ்வரியை யார் தூக்குவது என்று தெரியாமல் தில்லையம்பலம் அதைத் தள்ளிப்போட்டார். இனியும் தள்ளினால் குடல் இறுகிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லி, ஒக்டோபரில் இன்னொரு திகதி எழுதிக் கொடுத்தார்.

“லிசன், அப்பா,” என்றாள் நிலாணி. “அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு ஒரு நேர்சிங் ஹோமில விடுவம். ஜஸ்ற் சிக்ஸ் வீக்ஸ்.”

இடமும் ஒன்று இருந்தது. நகரத்தின் மேற்குக் கரையில், இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போகவேண்டிய இடம். தமிழ் பேசும் ஒரு குஞ்சும் அங்கே இல்லை. கொஞ்ச நாளைக்கு என்று அப்படிப் போனவர்களில் வீட்டுக்குத் திரும்பி வந்த ஒருவரையும் தில்லையம்பலம் கண்டதில்லை. வயிற்றை வெட்டிய மனிதன் ஆறு கிழமைக்கு அங்கே போய்ப் பார்க்கவும் முடியாது.

“உது சரிவராது,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பராமரிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போன் அடித்தார். குளிக்க வார்க்க, உடுப்பு மாற்ற, சாப்பாடு தீத்த ஆள் வரும். ஆனால் எத்தனை மணித்தியாலம் என்பதை ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார். செப்டெம்பர் முதல் கிழமை, பின்னேரம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மடைத்தனம் செய்தார்கள். நம்முடைய ஆட்கள் எவரும் செய்யக்கூடிய மடைத்தனம்தான். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வீட்டை ஒதுக்காமல் விடுவோமா?

தில்லையம்பலம் விடியவே தொடங்கிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கொமோட் கதிரையைப் பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பழைய போர்வையால் மூடினார். மெத்தையில் விரித்திருந்த பிளாஸ்ரிக் விரிப்பைச் சுருட்டி அலுமாரிக்குள் அடைத்தார். வோக்கரைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். பாலேஸ்வரி தனக்குச் சேலைதான் கட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முக்கால் மணித்தியாலம் மினக்கெட்டு, நாலு ஊசி குத்தி, கட்டிவிட்டார். றோலும் வடையும் கடையில் வாங்கி வைத்தார்.

வந்தவள் ஜூலி என்ற முப்பத்தைந்து வயதுப் பெண். மடிக்கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலேஸ்வரி முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை பார்த்தவள். அந்தக் காலத்து ஆங்கிலம் அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. எழும்ப முடியுமா? முடியும். நடக்க முடியுமா? கொஞ்சம் மெதுவாக, ஆனால் முடியும். தூக்கத்தில் சிறுநீர் போவதுண்டா என்று ஜூலி கேட்டபோது பாலேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. “சம் டைம், ஸ்மோல்,” என்று சொல்லி வடைத் தட்டை நீட்டினார்.

போகும்போது பாலேஸ்வரி எழுந்து, பதினொரு அடி நடந்து, கதவடி மட்டும் போய் வழியனுப்பினாள். தில்லையம்பலம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எத்தனையோ மாதமாக அவள் அப்படி நடந்ததை அவர் கண்டதில்லை. கதவு சாத்தியதும் அவள் சோபாவில் விழுந்தாள். அதிலிருந்து அவளை எழுப்ப இரவு ஏழு மணியாயிற்று.

நாலு நாளில் முடிவு வந்தது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு குளிப்பு. ஜூலியைக் குறை சொல்ல வழியில்லை. அவள் கண்டதைத்தான் எழுதினாள்.

தில்லையம்பலம் அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அடுத்த பரிசோதனை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் என்றார்கள். அடுத்த நாளும் எடுத்தார். அதற்கடுத்த நாளும் எடுத்தார். காலையில் லைன் திறக்கும் நேரத்துக்கு, பாலேஸ்வரிக்குக் கஞ்சி தீத்தி முடித்த கையோடு, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் போடும் பாட்டைக் கேட்டபடி கோப்பை கழுவுவார். ஒரு நாள் எடுத்தவர் எரிந்து விழுந்தார். தில்லையம்பலம் குரலை உயர்த்தவில்லை. தொழிற்சாலையில் எத்தனை மேற்பார்வையாளர்களைக் கண்டவர்! “நான் நாளைக்கும் எடுப்பன், தம்பி,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். டொக்டரிடம் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கி அனுப்பினார். ஒன்பதாவது நாள் ஜூலியே அழைத்தாள். மறுபடி வந்து பார்க்கிறேன், அதே இரண்டு மணிக்கு வரட்டுமா என்று கேட்டாள்.

“ரெண்டு மணி வேண்டாம்,” என்றார். “நாலேகாலுக்கு வாங்கோ.”

நாலரையோடு தன் வேலை முடிந்துவிடுமே என்றாள் ஜூலி.

அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். பாலேஸ்வரிக்குக் காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஐந்து என்று மூன்று வேளை குளிசை. மத்தியானக் குளிசை இரண்டு மணிக்கு உச்சத்தில் நிற்கும். அந்த ஒரு மணித்தியாலம் அவள் பழைய பாலேஸ்வரி. நாலு மணிக்கு அது இறங்கிவிடும். நீங்கள் வந்து பார்த்தது இருபத்திநாலு மணித்தியாலத்தில் ஆக நல்ல மணித்தியாலத்தை. மற்றதைப் பார்க்க வேண்டாமா? ஜூலி மூன்று நேரத்தையும் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

பாலேஸ்வரியிடம் சொன்னபோதுதான் பூகம்பம்.

“என்னை நாறக் கிடக்கேக்க ஊராருக்குக் காட்டப் போறியளோ?”

“ஊரார் இல்லை. ஒரு ஆள்.”

“அந்த ஒரு ஆளுக்கு முன்னால எனக்கு மானம் இல்லையோ?”

“இருக்கு. ஓமப்பா, இருக்கு. ஆனா உம்மை மூண்டு வாகனம் மாறிப் போற இடத்தில விட்டிட்டு நான் இஞ்சை ஆரோட கதைக்கிறது? சுவரோடயோ?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. சோற்றுக்கு வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். தில்லையம்பலத்துக்கு நெஞ்சு வெந்தது. ஆனாலும் அசையவில்லை.

ஜூலி வந்த அன்று அவர் எதையும் ஒதுக்கவில்லை. கை துருதுருத்தது; பின்னால் கட்டிக்கொண்டார். கொமோட் கதிரை நின்ற இடத்தில் நின்றது. பிளாஸ்ரிக் விரிப்புக் கிடந்தது. காலையில் மாற்றிய துணி வாளிக்குள் இருந்தது. தின்னக் குடிக்க ஒன்றும் வைக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வீட்டுக்கு வந்த ஒருத்தியைப் பச்சைத் தண்ணீர் கொடுக்காமல் இருத்தினார்.

“இந்த முறை நான் தமிழிலதான் சொல்லுவன்,” என்றும் ஜூலியிடம் சொல்லிவிட்டார். ஜூலி அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் எடுத்து, ஸ்பீக்கரில் விட்டாள்.

அவர் தமிழில் சொல்லத் தொடங்கினார். கட்டிலில் பாலேஸ்வரியை எப்படிப் புரட்டுவது, விரிப்பு எத்தனை தரம் நனையும், தண்ணீர் புரைக்கேறினால் என்ன செய்வது, கழிவறையில் அவளைப் பிடித்துக்கொண்டு தான் எப்படிக் குனிவது. ஒவ்வொன்றையும் அவளுக்கு முன்னாலேயே சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளைக் கட்டிய நாற்பத்தாறு வருடத்தில் அவர் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. 

எழும்பிப் பார்க்க முடியுமா என்று ஜூலி பாலேஸ்வரியைக் கேட்டாள். பாலேஸ்வரி முயற்சி செய்தாள். மனச்சாட்சிப்படி சொல்வதென்றால், முழுப் பலத்தையும் கூட்டித்தான் முயற்சி செய்தாள். கை மெத்தையைப் பிறாண்டியது. தலை ஒரு சாண் உயர்ந்து திரும்ப விழுந்தது. தில்லையம்பலம் ஓடிப்போய், வழக்கம்போல அவளுடைய கைகளைத் தன் கழுத்தில் போட்டு, தூக்கி இருத்தினார். ஜூலி தட்டெழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி தில்லையம்பலத்துக்கு. இந்தப் பராமரிப்பை நீங்கள் இப்படியே தொடர்ந்து செய்ய முடியுமா?

அவ்வளவு நேரமும் அவளைப் பற்றி எல்லாவற்றையும் போட்டு உடைத்த மனிதர், தன்னைப் பற்றிக் கேட்டதும் ஊமையாகிவிட்டார். முடியாது என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை பாடும். ஆனால் அதை அவளுக்கு முன்னால் சொன்னால், நீ எனக்குச் சுமை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? மொழிபெயர்ப்பாளர் கேள்வியை இரண்டாம் தரமும் கேட்டார்.

பாலேஸ்வரி ஏதோ முணுமுணுத்தாள். குரல் எழும்பவில்லை. ஜூலி எழுந்து வந்து தொலைபேசியை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“அவருக்கு ஏலாது,” என்றாள் பாலேஸ்வரி. ஒவ்வொரு சொல்லாக வந்தது. “என்னைத் தூக்கேக்க மூச்சை அடக்கிக்கொண்டுதான் தூக்கிறவர். நோகுது எண்டு எனக்குத் தெரியக்கூடாதாம். என்ர தலை அவற்ற தோளிலதானே கிடக்குது. எனக்குக் கேக்கும். எழுதுங்கோ.” கொஞ்சம் இளைத்தாள். “முதல் தரம் வரேக்க நான் எழும்பி நடந்தனான். சும்மா நடிப்பு. அதையும் எழுதுங்கோ.”

தில்லையம்பலம் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். ஒரு அந்நியப் பெண்ணுக்கு முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை. ஜூலி அன்று வீட்டைவிட்டுப் போக ஐந்தே முக்காலாயிற்று.

அடுத்த கிழமை முடிவு வந்தது. ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் ஆள் வரும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு கிழமைக்கு மத்தியானமும் வரும். இரவுகளைப் பார்க்க நிலாணி விடுமுறை கேட்டிருந்தாள். முதல் நாள் காலையில் கிளடிஸ் என்ற பெண் வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, “எங்கை அன்ரி, எழும்புவமோ?” என்று கேட்டாள். மன்னாரில் இருந்து வந்தவளாம். தில்லையம்பலம் உதவிக்கு ஓடினார். “அங்கிள், நீங்கள் அங்கால போய் இருங்கோ,” என்று துரத்திவிட்டாள். எங்கே போய் இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக அந்த நேரத்தில் அவர் சும்மா இருந்ததே இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து, திகதிக்கு வருகிறேன் என்று உறுதிப்படுத்தினார். மறுமுனையில் இருந்த பெண் வரிசையாகக் கேள்வி கேட்டாள். பிறந்த திகதி, மருந்து, ஒவ்வாமை. பிறகு, வெட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் உங்களோடு இருக்கப்போகிறவர் யார், பெயரைச் சொல்லுங்கள் என்றாள்.

கேள்வியை ஒரு தரம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு, நிலாணியின் பெயரைச் சொல்ல அவர் வாயெடுத்தார். கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினார். கிளடிஸ் தலை இழுத்துச் சீவி, பவுடர் போட்டு, தலையணைகளை முட்டுக் கொடுத்து இருத்திவிட்டுப் போன பாலேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எண்டு சொல்லுங்கோ.”

“என்னப்பா?”

“பிள்ளை வந்து தூக்கட்டும், சமைக்கட்டும். உங்களோட இருக்கிற ஆள் ஆரெண்டு கேட்டா, நான்தானே?”

தில்லையம்பலம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். “மை வைஃப்,” என்றார். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டாள். வெள்ளைக்காரருக்கு அது நீண்ட பெயர். அவர் அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாக, கடைசி எழுத்து மட்டும் சொன்னார்.