கடல் பக்கத்துச் சில்லு

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டு. அங்கே இடது, வலது என்ற சொற்களுக்கு அதிகம் வேலை இல்லை. எல்லாம் கடல் பக்கம், ஆற்றுப் பக்கம்தான். வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். பல் பிடுங்கப் போன ஒருவர் வைத்தியரிடம் கடல் பக்கத்துப் பல் என்று சொன்னதாக ஒரு கதையும் உண்டு.

அப்பா வாடகைக்கு வேன் ஓட்டினார். சுனாமி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அலை வேனை முற்றத்திலிருந்து தூக்கி, வேலியடித் தென்னையில் மோதவிட்டுப் போனது. அன்று காலை அப்பா சொல்லி மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி, திரும்பி வரவில்லை.

மூன்றாம் வாரம் ஓட்டமாவடி வியாபாரி ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். பொலன்னறுவை ஆஸ்பத்திரியில் பெயர் சொல்ல முடியாமல் ஒரு பொடியன் கிடக்கிறானாம். மாமாவின் வயதுதான் இருக்குமாம். அம்மா உடனே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“பஸ்ஸில போவம், வாங்க.”

“ஆளைப் படுக்க வெச்சுத்தானே கொண்டு வரணும், பஸ்ஸில ஏலுமா? வேன் சரிவரட்டும்” என்றார் அப்பா.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மெக்கானிக் இஞ்சினைக் கழற்றி, உப்பும் மணலும் போகக் கழுவி, ஒருவாறு ஓடவைத்திருந்தார். முன்சக்கரம் ஒன்றை, எங்கள் பேச்சில் சில்லை, தாங்கும் இரும்புக் கை மட்டும் முறிந்து கிடந்தது. லோவர் ஆம் என்பார்கள். இடது சில்லுக்கு ஒன்று, வலது சில்லுக்கு வேறொன்று. கொழும்புக் கடைக்கு எழுதிக் கொடுத்தால் பஸ்ஸில் அனுப்புவார்கள்.

வீட்டில் இங்கிலீஷ் எழுதுபவள் நான். “முன்னுக்கு, கடல் பக்கத்துச் சில்லு எண்டு எழுது மகள்” என்றார் அப்பா. கொழும்புக் கடைக்காரருக்குக் கடல் பக்கம் விளங்காது என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. எங்கள் வேன் எப்போதும் டவுனைப் பார்த்து, வடக்கு முகமாக நிற்கும். அப்போது கடல் பக்கம் என்பது டிரைவர் பக்கம். ஆகவே ‘ரைட்’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அலை வேனைத் தெற்கு முகமாகத் திருப்பிவிட்டிருந்தது. அப்படி அது நிற்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாம் நாள் பொதி வந்தது. மெக்கானிக் அதைப் பிரித்து, சில்லருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆரு புள்ள இத எழுதின?”

“நான்தான்.”

“முறிஞ்சது லெப்ட். வண்டி எங்கால திரும்பி நிண்டாலும், டிரைவர் சீட்டில இருந்து முன்னுக்குப் பாத்துத்தான் லெப்ட், ரைட். கடலக் கேட்டு எழுதினா இப்படித்தான். கொழும்பில கடல் மேற்கால கிடக்கு, தெரியுமா உனக்கு?”

நான் அழுதேன். அப்பா ஏசவில்லை. “பரவாயில்ல. திரும்ப எழுதுவம். இன்னும் ஒரு கிழமைதானே” என்றார். அலைக்குப் பிறகு அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. மறுநாள் விடியப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போய், பொலன்னறுவை பஸ்ஸில் ஏறினாள். பொழுதுபடத் திரும்பினாள்.

“அவன் இல்ல” என்றாள். “ஆரோ பெத்த புள்ள.”

அப்பா எழுந்து போய், சரிந்து நின்ற வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பிழையால்தான் அம்மா அவர் துணையில்லாமல் போக நேர்ந்தது என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். யுத்தம் முடிந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். போன மாதம் என் மகளின் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆய்வுகூடத்துக்குப் போனேன். மெஷின் பழுது, நாளைக்கு வாங்க என்றாள் அங்கிருந்த பெண். பக்கத்தில் நின்றவர்கள் கோபப்பட்டார்கள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். வாசலுக்கு வந்தபோதுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன். மறுநாள் முடிவில் பயந்தபடி ஒன்றும் இல்லை.

அப்பா என்னை மன்னித்தார் என்றே பதின்மூன்று வயதில் நான் நம்பினேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பது மாமாதான் என்று நினைத்துக்கொள்ள அவருக்கு இன்னும் ஒரு கிழமை கிடைத்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.