அழித்து எழுதும் சிடி

ஒட்டன்சத்திரத்து வீட்டைக் காலி செய்யுமுன் பழைய கம்ப்யூட்டரைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டேன். சிடி ரைட்டரின் தட்டு அதே முனகலோடு வெளியே வந்தது. எங்களிடம் இருந்த ஒரே சிடி, அழித்து அழித்து எழுதக்கூடியது, இன்னும் அதில் இருந்தது.

அப்பா கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். ஒவ்வொரு நடைக்கும் பழைய பாட்டுகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தருவேன். கடைசிப் பாட்டுக்குப் பின் சேர்க்க, அம்மா முன்கூட்டியே மைக்கில் ஏதாவது பேசி வைப்பாள். சிடி சுற்றி முடிகிறவரை வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்தச் சத்தமும் சிடியில் ஏறிவிடும் என்று நம்பினாள்.

திரும்பி வந்ததும் அப்பா, "எல்லாமே நல்லாருந்துச்சு கண்ணு, வேற போட்டுக் குடு" என்பார்.

அவர் இறந்த அன்று லாரி கிளீனர் அந்தச் சிடியை என்னிடம் கொடுத்துச் சொன்னார்: "இந்த மாதிரி சிடி நம்ம வண்டி பிளேயர்ல ஒருநாளும் பாடுனதில்லீங்க. அம்மா பேசுனது அதுல இருக்குதுன்னு சட்டைப் பையிலயே வெச்சிருப்பாருங்க."

அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை.

தட்டை உள்ளே தள்ளினேன். பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன.

"ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள் அம்மா.

சிடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.