தறி நின்றால் விழித்துவிடும்

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. மூக்கு அடைச்சிக்கினு அழுவுது."

என்னை யாரும் கேட்கவில்லை. தோளில் பேத்தி அழுதால் என் வாய் தானாக நியாயம் பேசும். பெயர் தன்ஷிகா. என் வாயில் நுழையாது, எனக்கு அவள் குட்டிம்மா. பத்து மாதம். சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் பிள்ளையார்பாளையத்தில் அவளைப் போல அழகு கிடையாது.

"உங்கள யாரு மாமா கேட்டா? குடுங்க." மருமகள் கலைவாணி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பட்டுப்புடவை, தலையில் மல்லி, கை நிறைய புதுக் கண்ணாடி வளையல்.

அன்று தாமலில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. தாயில்லாத வீட்டில் தங்கையை வளர்த்தது கலைவாணிதான். முதல் வளையலை அக்காதான் போட வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலைவாணி பஸ் டிரைவர் மகள். தறியைத் தொடாமல் வளர்ந்தவள். இங்கே வாழ வந்த கொஞ்ச நாளில் என் மகன் தினேஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் குழியில் கால் விட்டு நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரை நூல் சுற்றிய தனி நாடாவை இழைகளுக்கு நடுவே விட வேண்டும். அந்த ஆள் எழுந்தால் தறி நிற்கும். அதனால் அவள் எழுந்து எங்கும் போனதில்லை. பிள்ளை பிறந்த பிறகு சுத்தமாக இல்லை.

டாக்டர் குழந்தையை வெளிக்காற்றில் கொண்டுபோக வேண்டாம், நன்றாகத் தூங்கட்டும் என்று சொல்லியிருந்தார். சளி வந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்டால்தான் குட்டிம்மா கண் மூடும். சத்தம் நின்றால் விழித்து, இருமி, குடித்த பாலையெல்லாம் கக்கிவிடும். தறி ஓட கலைவாணி வேண்டும். தெருவில் வேறு ஆள் தேடினோம். எல்லார் வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் உக்கார்றேன்" என்றேன். ஆயுசெல்லாம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவன் நான்.

"நைனா, இது சாயக் கொப்பரையில கோல் வுட்டு கிண்டற வேலை இல்ல" என்றான் தினேஷ்.

"தெரியும்டா. நீ மிதி."

பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டுப்புடவையோடே தறியில் உட்கார்ந்தாள் கலைவாணி.

"கல்யாணப் பொண்ணு மாதிரி வந்து நாடா வுடறா பாரு" என்று தினேஷ் சீண்டினான்.

"வாய மூடு. உன் பொண்ணு எழுந்துக்கப் போறா."

தறி ஓட ஓட தூளி அசைவது நின்றது, குட்டிம்மா தூங்கிவிட்டாள். தறிச் சத்தம் நிற்காமல் அவள் நகர, நான் அந்த இடத்தில் நுழைந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை போல வெளியே போனாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. தினேஷ்கூடத் தலையாட்டினான். பிறகு நாடா தப்பான இழைக்கு அடியில் நுழைந்தது. நான் பதறி இழுத்தேன். கரை இழைகள் கொத்தாக அறுந்தன. மேலே நெய்தால் கரையே பாழ். தினேஷ் மிதியிலிருந்து காலை எடுத்தான்.

வீடு அமைதியானது. தூளிக்குள்ளிருந்து இருமல்.

தூக்கினேன், தட்டினேன், "என் ராசாத்தி, தாத்தா இருக்கேன்மா" என்றேன். மூச்சு முட்ட அலறி, என் சட்டையெல்லாம் பாலைக் கக்கினாள். தினேஷ் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தான். கலைவாணிக்கு நாங்கள் குரல் கொடுக்கவும் இல்லை, போன் போடவும் இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தெருமுனை ஆட்டோ வரைக்கும் அழுகை கேட்டிருக்கிறது.

கலைவாணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளையைத் துடைத்து மார்போடு வைத்து அமர்த்தினாள். அது தேம்பிக்கொண்டே இருக்க, தூளியில் விட்டாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தாள். நாள் முழுக்க உட்கார்ந்தால் வளையல் இழையில் மாட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

தினேஷ் இழைகளை முடிந்து நிமிர்ந்ததும் தறி ஓடியது. மத்தியானம் போன் வந்தது. முதல் வளையலை அத்தை போட்டாராம். "சரி" என்றாள், கை நிற்காமல். குட்டிம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் ஜன்னலில் இருந்த வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலையில் அவற்றைப் போட்டுக்கொண்டே அவள் சிரித்தபடி சொல்லியிருந்தாள்:

"மாமா, சாயங்காலம் வரைக்கும் இந்த வீட்ல யாரும் என்னைக் கூப்புடக் கூடாது, சொல்லிட்டேன்."