தம்பின் பஸ் கண்டக்டர்

சுதந்திரம் கிடைத்த 1957-ஆம் வருஷம் ஊரெங்கும் சளிக்காய்ச்சல். தம்பின் டவுனில், மாமியார் வீட்டில் எனக்கு மகள் பிறந்திருந்தாள். குழந்தைத் துணிகளோடு நான் குடியிருந்த காஜா பேராங்கில் பஸ் ஏறப் போனேன். மழையிலும் ஜன்னல்களை மூடவிடாத அந்த ஒல்லியான கண்டக்டர், என் இருமலைக் கேட்டதும் படியை மறித்தார்.

"காய்ச்சலோட போயி பச்சப்புள்ளய தூக்கப் போறீங்களா, அண்ணே? பையக் குடுங்க, நான் சேத்துடுறேன்லா. துணிய வெந்நீர்ல அலசச் சொல்றேன்."

மாமியார் வீட்டு அடையாளம் சொல்லி, கோபத்தோடு பையைக் கொடுத்தேன். மறுநாள் என் வீட்டெதிரே பஸ்ஸை நிறுத்தி, "புள்ளைக்கு உங்க மூக்கு" என்றார்.

"தூக்கினீங்களா?"

"இல்லண்ணே. நாள்பூரா இருமுறவங்களோட இருக்கேன். வெளிய நின்னுதான் பாத்தேன்."

குணமானதும் அதே பஸ்ஸில் போனேன். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். தன் வீட்டுப் பிள்ளைகளையும் வெளியே நின்றுதான் பார்க்கிறாரா என்று கேட்க நினைத்தேன்.